கிழியும் பிசினும் நூலும்

1958 செப்டம்பர் 28ஆம் தேதி பெங்களூரில் ஒரு துணி விமானம் பறந்தது. துணி விமானம் என்பது இங்கே உருவகம் இல்லை. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துக் கூடு கட்டி, அதன்மேல் துணி போர்த்தி, தைத்து, பிசின் பூசிக் காயவைத்த விமானம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். எஞ்சின் தொண்ணூறு குதிரைசக்தி. ஹிந்துஸ்தான் ஏர்க்ராஃப்ட் கம்பெனி அதற்குப் ‘புஷ்பக்’ என்று பெயர் வைத்தது. நாலாவது மாதம், 1959 ஜனவரியில், சென்னையில் செல்லப்பாவின் ‘எழுத்து’ முதல் ஏடு வந்தது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டையும் ஒரே வார்த்தையில் வைதுவிடலாம்: அமெரிக்க இரவல். பிச்சமூர்த்தி விட்மனைப் படித்துத்தான் தம் வசன கவிதையை எழுத ஆரம்பித்தார். அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். புஷ்பக்கும் ஒஹையோ மாகாணத்து ஏரோன்கா கம்பெனியின் ‘சீஃப்’ என்ற விமானமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அண்ணன் தம்பி என்று யாரும் சொல்வார்கள். புதுக்கவிதை இரவல்தானா என்று நாம் இருபது முப்பது வருஷம் சண்டை போட்டு ஓய்ந்திருக்கிறோம். புஷ்பக்குக்கு அந்தக் கௌரவம் கூடக் கிடைக்கவில்லை. இந்திய விமானத் தொழிலின் சரித்திரம் சொல்கிறவர்கள் எச்.டி.2 என்பார்கள், மாருத் என்பார்கள், தேஜஸ் என்பார்கள். இதை ஒரு வரியில் தாண்டிப் போவார்கள்.

தாண்டிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த விமானம் சரித்திரத்தின் போக்குக்கு ஒத்துவருவதில்லை. மரம், துணி, பிறகு உலோகம், பிறகு ஜெட் என்று படிக்கட்டு மாதிரி எழுதிக்கொண்டு போகிறவனுக்கு 1958இல் வந்த துணி விமானம் ஒரு தொந்தரவு. ஏனென்றால் அதே கம்பெனி, அதே பெங்களூரில், ஏழு வருஷத்துக்கு முன்பே முழு உலோகத்தில் ஒரு பயிற்சி விமானம் செய்து முடித்திருந்தது. 1951 ஆகஸ்ட் 5ஆம் தேதி பறந்த எச்.டி.2. அதை வடிவமைத்த வி.எம்.காட்கே ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் லுட்விக் ப்ராண்டலிடம் படித்தவர். இறக்கையைத் தொட்டுக்கொண்டு ஓடும் காற்றுப் படலம் எப்படி நடந்துகொள்கிறது என்று இந்த நூற்றாண்டுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ப்ராண்டல்—போன நூற்றாண்டு என்று சொல்லவேண்டும், பழக்கம் விடவில்லை. காட்கே திரும்பி வந்து, 1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விமானவியல் துறையை ஆரம்பித்தார். அப்படிப்பட்ட மூளை இருந்த இடம். உலோகத் தகட்டை வளைத்து ஆணி அடித்து விமானம் செய்யத் தெரிந்த கைகள் இருந்த இடம். யுத்தம் முடிந்த பிறகு வேலை இல்லாமல் போய்விடக்கூடாது என்று அதே கைகள் ரயில் பெட்டி கூடச் செய்தன. அப்படி இருக்க, 1958இல் எதற்குத் துணிக்குப் போனார்கள்?

பின்னடைவு என்று சொல்லிவிடலாம். சுலபமான பதில். ஆரணி மாதிரி ஒரு நெசவு ஊரில் இருந்துகொண்டு யோசிக்கிறவனுக்கு அது அத்தனை சுலபமாக வாயில் வரவில்லை.

முதலில் அந்தச் சீஃபின் கதை. அது தெரியாமல் இது புரியாது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது அமெரிக்கக் கம்பெனிகள் ஒரு கனவு கண்டன. யுத்தத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பையன்கள் ஊர் திரும்புகிறார்கள். ஆளுக்கொரு கார் வாங்குவது போல ஆளுக்கொரு சின்ன விமானம் வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அடுத்த மாகாணத்துக்குப் போய் வருவார்கள். இந்தக் கனவை நம்பி ஏரோன்கா இரண்டு விமானங்களை ஒரே சமயத்தில் வடிவமைத்தது. ஒன்று ‘சாம்பியன்’, முன்னும் பின்னுமாக உட்காருவது. இன்னொன்று ‘சீஃப்’, பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது. இரண்டிலும் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பாகங்கள் பொது. இறக்கையின் நீளவாட்டு உத்தரங்கள் ஸ்ப்ரூஸ் மரம், விலாக்கள் அலுமினியம், உடம்பு எஃகுக் குழாய், மேலே எல்லாம் துணி. 1946 ஒரே வருஷத்தில் அமெரிக்காவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சின்ன விமானங்கள் செய்து தள்ளினார்கள். அடுத்த வருஷமே அது பாதியாகச் சுருங்கியது. அதற்கடுத்த வருஷம் மறுபடியும் பாதி. வாங்க ஆள் இல்லை. திரும்பி வந்த பையன்களுக்கு வீடு வேண்டியிருந்தது, வேலை வேண்டியிருந்தது. ஆகாயத்தை யுத்தத்திலேயே போதும் போதும் என்று பார்த்திருந்தார்கள். 1951இல் ஏரோன்கா சின்ன விமானம் செய்வதையே நிறுத்திவிட்டது.

ஆகவே பெங்களூருக்கு வந்து சேர்ந்தது ஒரு தோற்றுப்போன கனவின் எலும்புக்கூடு. உல்லாசப் பயணத்துக்கென்று போட்ட இரண்டு இருக்கை. இந்தியாவில் 1958இல் யார் உல்லாசமாகச் சொந்த விமானத்தில் போகப் போகிறார்கள்? மகாராஜாக்கள் சிலர் இருந்தார்கள், அவர்களிடம் இதைவிடப் பெரிசு இருந்தது. இங்கே அந்த இரண்டு இருக்கைக்கு வேறு அர்த்தம் ஏற்பட்டது. ஒன்றில் வாத்தியார், ஒன்றில் மாணவன். ஊர் ஊராக இருந்த ஃபிளையிங் கிளப்புகளுக்கென்று, சர்க்கார் மானியத்தில் பிழைத்துக்கொண்டிருந்த கிளப்புகளுக்கென்று செய்யப்பட்ட விமானம் இது. ஏறக்குறைய 160 செய்தார்கள்.

கணக்கைப் பார்த்தால் எளிய ஜீவன். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 36 அடி. உடம்பு 21 அடி. வெறும் விமானம் 395 கிலோ. ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 612 கிலோவுக்கு மேல் கூடாது. நிதானமாகப் போனால் மணிக்கு 137 கிலோமீட்டர், தாங்கு தாங்கென்று தாங்கினால் 145. ஒரு தரம் பெட்ரோல் போட்டால் நானூறு கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் ஆகும். அந்தக் கோடு வேலூருக்கு மேலே போகிறது. ஆரணி அதற்குத் தெற்கே முப்பத்தைந்து கிலோமீட்டரில் கிடக்கிறது. எங்களுக்கு ரயில் கூட ஊருக்குள் வரவில்லை. ‘ஆரணி ரோடு’ என்ற ஸ்டேஷன் களம்பூரில் இருக்கிறது. ஆகாயமும் அப்படித்தான் ஒதுங்கிப் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சின் கான்டினென்டல் சி90, அமெரிக்கச் சரக்கு. அதில் போட்ட வகைக்கு ஸ்டார்ட்டர் கிடையாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்க இன்னொருவர் முன்னால் நின்று விசிறியைக் கையால் பிடித்துச் சுழற்றிவிட்டுச் சட்டென்று விலகிக்கொள்ள வேண்டும். கிணற்றங்கரை டீசல் எஞ்சினைக் கைப்பிடி போட்டுக் கிளப்பியவர்களுக்கு இது பழகிய உடம்பசைவு. விலக மறந்தால் என்ன ஆகும் என்பதில் மட்டும் வித்தியாசம்.

இனி துணிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

அந்த நாள் சின்ன விமானங்களுக்கு விதிக்கப்பட்ட துணி ‘ஏ’ தரம் என்று சொல்லப்பட்ட பருத்தி. மெர்சரைஸ் செய்த நூல். ஒரு அங்குலத்துக்குப் பாவிலும் எண்பது இழை, ஊடையிலும் எண்பது இழை, குறையக்கூடாது. ஒரு அங்குல அகலத் துண்டை எடுத்து இழுத்தால் எண்பது ராத்தல் வரை அறாமல் நிற்கவேண்டும். இதற்கு முன்னால் ஐரிஷ் லினன் இருந்தது. முதல் யுத்தத்தில் பெல்ஜியத்துச் சணல் நின்றுபோய் லினனுக்குப் பஞ்சம் வந்தபோதுதான் பருத்தியைப் பதப்படுத்திப் பார்த்தார்கள். அது லினனுக்குச் சளைக்கவில்லை. அதற்கும் முன்னால், 1903இல், ரைட் சகோதரர்கள் தங்கள் ஊர் ஜவுளிக்கடையில் விற்ற சாதாரண மஸ்லினையே வாங்கிப் போட்டார்கள். பெண்களின் உள்ளாடைக்கு வாங்குகிற துணி. அதைப் பிசின் எதுவும் பூசாமல், பாவும் ஊடையும் விலாவுக்குச் சாய்வாக ஓடும்படி, கோணலாக வெட்டிப் போட்டார்கள். சாய்வாக வைத்தால் துணியே குறுக்குக் கட்டையின் வேலையைச் செய்துவிடும். சைக்கிள் கடைக்காரர்களுக்கு எங்கிருந்து இந்த நெசவு ஞானம் வந்ததென்று எனக்கு ஆச்சரியம். பின்னால் வந்த விதி வேறு: பாவோ ஊடையோ ஏதாவது ஒன்று பறக்கும் திசைக்கு நேராக ஓடவேண்டும்.

போர்த்துகிற வேலை இப்படி நடக்கும். துணியை விலாக்களின் மேல் இழுத்துப் போர்த்திய பிறகு, இறக்கையைக் குத்திட்டு நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து, நீள ஊசியில் மெழுகு தேய்த்த கயிற்றைக் கோத்து, இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே வாங்கி ஒவ்வொரு விலாவிலும் முடிச்சுப் போட்டுக்கொண்டே போகவேண்டும். விசிறிக் காற்று நேராக அடிக்கிற இடத்தில் முடிச்சு நெருக்கமாக விழவேண்டும், மற்ற இடத்தில் கொஞ்சம் விலகலாம். கோர்வைச் சேலை நெய்கிற வீட்டில் தறிக்காரரும் கரைப்பக்கம் நாடா போடுகிற பையனும் ஒருவர் கையை மற்றவர் கை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்களே, அந்த உட்காரல். பிறகு தண்ணீர் தெளித்துத் துணியைச் சுருங்கவிட வேண்டும். பிறகு பிசின். அதற்கு ‘டோப்’ என்று பெயர். செல்லுலோஸை அமிலத்தில் பதம் பண்ணிக் கரைத்த திரவம், நகப்பூச்சின் வாடை. பஞ்சிலிருந்து வந்த பிசின் பஞ்சுத் துணிக்கே போகிறது. அது காயக் காயத் துணி இழுத்துக்கொள்ளும். கடைசியில் விரலால் சுண்டினால் மிருதங்கம் போல நாதம் வரவேண்டும். நைட்ரேட் சேர்ந்த பழைய டோப் நெருப்பென்றால் பற்றிக்கொள்ளும். பழைய சினிமா பிலிமும் அதே வம்சம்தான். நம்முடைய ஆரம்ப காலப் படங்கள் பலவும் இல்லாமல் போனதில் அந்தப் பொருளின் குணத்துக்கும் பங்கு உண்டு. பிற்பாடு நெருப்புக்கு அவ்வளவு அவசரப்படாத வேறு வகை வந்தது.

பாவுக்குக் கஞ்சி போடத் தெரிந்தவனுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. இழையை இறுக்கவேண்டும், ஆனால் முறியும்படி இறுகக்கூடாது. காற்றில் ஈரம் இருந்தால் டோப் வெளுத்துப் பூத்துவிடும், பிடிப்பு போய்விடும், மழைநாளில் பூசக்கூடாது. ஐப்பசி கார்த்திகையில் தெருவில் பாவு நீட்ட முடியாமல் சேவூரிலும் முள்ளிப்பட்டிலும் தேவிகாபுரத்திலும் வேலை நின்றுபோகிற அதே காரணம். வெயில் இதற்கு நேர் எதிரி. வெயிலின் ஊதாக்கதிர் பருத்தி இழையைத் தின்றுவிடும். அதனால்தான் பிசினுக்கு மேலே அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சு. அழகுக்காக இல்லை, துணிக்குக் குடை. உலோக விமானம் என்று தூரத்திலிருந்து நினைத்துக்கொள்கிறவனை ஏமாற்றுவதற்கும் அது உபயோகப்பட்டது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தரம் துணியைச் சோதிப்பார்கள். புதுசில் இருந்த பலத்தில் நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே போய்விட்டால், அதாவது எண்பது ராத்தல் ஐம்பத்தாறாகிவிட்டால், எல்லாவற்றையும் உரித்துப்போட்டு மறுபடியும் முதலிலிருந்து.

பட்டு ஏன் இல்லை என்று ஆரணிக்காரன் கேட்காமல் இருக்க முடியாது. பட்டு ஆகாயத்துக்குப் புதிதில்லை. 1783இல் பாரீஸில் சார்லஸ் என்ற பௌதிக ஆசிரியர் ஹைட்ரஜன் அடைத்து விட்ட முதல் பலூன், ரப்பர் பூசிய பட்டு. அது விழுந்த கிராமத்தில் ஜனங்கள் பிசாசு என்று நினைத்து அடித்துக் கிழித்தார்கள். ஸாண்டோஸ் துமோன் மூங்கிலில் கட்டிய ‘தெமுவாசெல்’ விமானத்தின் இறக்கை பட்டு. இரண்டாவது யுத்தத்தில் ஜப்பான் பட்டு நின்றதும், நைலான் பரவுவதற்கு முன்பு, மைசூர்ப் பட்டு பாராசூட்டுக்குப் போயிற்று. ஆனால் தினமும் வெயிலில் நிற்கிற இறக்கைக்குப் பட்டு ஆகாது. பருத்தியைவிடச் சீக்கிரம் வெயிலுக்குத் தோற்றுவிடும், விலையோ கேட்கவேண்டாம். பெட்டியில் வைத்துக் காப்பாற்றி, கல்யாணத்துக்குக் கல்யாணம் எடுக்கப்படுவதற்காகப் பிறந்த துணி அது.

கைத்தறிக்காரர் இந்த விமானத் துணியை நெய்திருக்கலாமே என்று உருகவும் நான் தயாராயில்லை. நெய்திருக்க முடியாது. கெஜத்துக்குக் கெஜம் மாறாத எண்பது இழை, எண்பது ராத்தல் என்பது மில்லின் ஒழுங்கு. கைத்தறியின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஆரணிக்கும் புஷ்பக்குக்கும் உள்ள உறவு ஜவுளி வியாபார உறவல்ல. எங்களுக்குப் பட்டு நூல் பெங்களூரிலிருந்து வருகிறது, புஷ்பக்கும் பெங்களூரிலிருந்து வந்தது, அத்தோடு சரி. நான் பார்க்கிறது வேலையின் சாயலை.

இப்போது அந்தக் கேள்விக்குத் திரும்பலாம். எதற்குத் துணிக்குப் போனார்கள்? உலோகத் தோல் போர்த்திய விமானத்தில் தோலே பாரம் தாங்குகிறது. ஒரு இடத்தில் நசுங்கினால் அதைக் கணக்குப் போட்டுச் சரிபண்ண வேண்டும். அதற்கு அச்சு வேண்டும், கருவி வேண்டும், படித்த ஆள் வேண்டும். விமானப் படைக்கு அது கட்டும். எச்.டி.2 படைக்குப் போயிற்று, முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தது, கானாவுக்குக் கூடப் பன்னிரண்டு போயின. கிளப் விமானத்தின் தலையெழுத்து வேறு. அதை ஓட்டுகிறவன் கற்றுக்குட்டி. கற்றுக்குட்டி தரையில் இடிப்பான், வேலியில் உரசுவான், இறக்கை நுனியைக் கொட்டகைக் கதவில் கிழிப்பான். கிழிந்தால் தைக்கலாம். விளிம்பை ரம்பப்பல் மாதிரி வெட்டிய ஒட்டுத்துணி வைத்து, பிசின் தடவி, மறுநாள் பறக்கலாம். குழாய் வளைந்தால் வெட்டிப் பற்றவைக்கலாம். கொட்டகையில் ஒரு பற்றவைப்புக்காரரும் ஒரு தையல் தெரிந்தவரும், கையெழுத்துப் போட லைசென்ஸ் உள்ள ஒரு எஞ்சினியரும் இருந்தால் விமானம் உயிரோடிருக்கும்.

இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு யந்திரம் நம்முடையதா இரவலா என்பதற்கு வரைபடம் எங்கே போட்டார்கள் என்பதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறோம். எச்.டி.2 நம் வரைபடம், ஆகவே சுதேசி. புஷ்பக்கின் எலும்பு அமெரிக்கா, ஆகவே நகல். சரி. ஆனால் எச்.டி.2க்கும் எஞ்சின் இங்கிலாந்திலிருந்து வந்தது. கிழிந்ததைத் தைத்து, வெளுத்ததை உரித்து, ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு தரம் முழு உடம்புக்கும் புதுத் துணி போட்டு இருபது வருஷம் முப்பது வருஷம் ஓட்டிய பிறகு அந்த விமானத்தில் ஒஹையோ எவ்வளவு பாக்கி இருக்கும்? இலக்கியத்தில் இதை நாம் ஒப்புக்கொண்டாயிற்று. நாவல் எங்கிருந்து வந்தது என்று இன்று எவனும் கேட்பதில்லை.

பெயர் விஷயத்தில்தான் எனக்குச் சண்டை. புஷ்பகம் குபேரனுடையது, இராவணன் பிடுங்கிக்கொண்டான், இராமன் யுத்தம் முடிந்து அதில் ஏறி ஊருக்குப் போனான், பிறகு குபேரனுக்கே திருப்பி அனுப்பினான். ஆக அது எப்போதும் இரவல் வாகனம்தான் என்ற அளவில் பெயர் பொருந்துகிறது—வைத்தவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள். மற்றபடி எந்தப் பொருத்தமும் இல்லை. அதில் ஒரு சேனையே ஏறலாம். இதில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அது நினைத்தால் போகும்; இதை ஒருவன் முன்னால் நின்று கையால் சுற்றவேண்டும். முக்கியமாக, புஷ்பகம் எதனால் செய்யப்பட்டது என்று கவிகள் சொல்லும்போது பொன்னும் மணியுமாகச் சொல்கிறார்கள். பொன்னும் மணியும் ஒரு பொருளால் ஆனது என்று ஆகாது. அங்கே வேலைசெய்த கை தெரிவதில்லை.

தமிழில் இதற்கு வேறொரு மூதாதை இருக்கிறது. சீவக சிந்தாமணியில், நாமகள் இலம்பகத்தில் வரும் மயிற்பொறி. திருத்தக்கதேவர் அதைத் தெய்வம் கொடுத்ததாகச் சொல்லவில்லை. சச்சந்தன் ஒரு தச்சனை அழைத்துச் செய்யச் சொல்கிறான். அந்தத் தச்சன் வாங்கிக்கொள்ளும் சாமான்களைக் கவி பட்டியல் போடுகிறார்: துணிக் கிழிகள், பயின் என்னும் பிசின், நூல், அரக்கு, மெழுகு. துணி, டோப், கயிறு, மெழுகு. 1958இல் பெங்களூர்க் கொட்டகையில் ஸ்டோர்க்காரர் எழுதியிருக்கக்கூடிய சீட்டு. செய்து முடித்த பிறகு என்ன நடக்கிறது? அரசன் தன் மனைவி விசயையை அதில் ஏற்றிப் பழக்குகிறான். வலப்பக்கம் முறுக்கினால் ஏறும், இடப்பக்கம் முறுக்கினால் இறங்கும். பயிற்சி. பிறகு கட்டியங்காரன் அரண்மனையை வளைத்துக்கொள்ளும் நாளில், நிறைகர்ப்பிணி, தனியாக ஓட்டிப் போய்ச் சுடுகாட்டில் இறங்குகிறாள். நம் இலக்கியத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட ஆள் என்று நான் சொல்லக்கூடியவள் அவள்தான். மற்றவர்கள் ஏறி உட்கார்ந்தவர்கள்.

உடனே மேடை கட்டிவிட வேண்டாம். புறநானூற்றில் விமானம் பறந்தது, சிந்தாமணியில் பறந்தது, வெள்ளைக்காரன் திருடிக்கொண்டான் என்று முழங்குகிற கூட்டத்துக்கு நான் சாட்சி சொல்ல வரவில்லை. மயிற்பொறி பறந்திருக்காது. அந்தச் சாமான்களில் அந்த வடிவத்தில் ஒரு மனுஷியைத் தூக்க முடியாது. நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம், எனக்கு அதைவிடப் பெரிய விஷயம்: பறக்கிற யந்திரத்தைக் கற்பனை செய்யவேண்டி வந்தபோது அந்தச் சமண முனிவருக்குப் பொன் தோன்றவில்லை, துணியும் பிசினும் நூலும் தோன்றின. எடை குறைவாக இருக்கவேண்டும், இழுத்துக் கட்டினால் நிற்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கைத்தொழில்காரனைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கண். சிந்தாமணியை 1887இல் சாமிநாதையர் பதிப்பித்தபோது அதைப் பாடம் சொல்லி வந்த சமணக் குடும்பங்கள் அவருக்குத் துணைநின்றார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்கள் ஆரணி, போளூர், வந்தவாசி வட்டாரத்தில் தமிழ்ச் சமணர் கிராமங்கள் இன்றும் இருக்கின்றன. திருமலை மேலே நிற்கிறது. ‘மயிற்பொறி’ என்று அந்த விமானத்துக்குப் பெயர் வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? டில்லிக்கு உச்சரிக்க வந்திருக்காது, வேறென்ன.

தமிழ்நாட்டின் ஆகாயமும் துணியில்தான் ஆரம்பித்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1910இல் சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த தாஞ்சலிஸ் என்ற கார்ஸிகாக்காரர் விமானம் கட்டிப் பறந்தார். அதைச் செய்து கொடுத்தவர்கள் கோச்சு வண்டி கட்டுகிற சிம்ப்ஸன் கம்பெனி. வண்டிக் கூண்டுக்குத் துணியும் தோலும் போர்த்திய கைகள். 1932 அக்டோபரில் டாட்டா கம்பெனியின் முதல் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாட்டா ஓட்டி வந்து, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்ட்சென்ட் ஓட்டி வந்தார். ‘பஸ் மாத்’ என்ற அந்த விமானமும் துணி போர்த்தியதுதான். 1930 வாக்கில் தொடங்கிய சென்னை ஃபிளையிங் கிளப்பின் ‘மாத்’ விமானங்களும் அப்படியே. புஷ்பக்கும் இந்த வரிசையில் வருவதுதான். 

அந்த இரண்டாவது இருக்கையில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் பதில் சந்தோஷமாக இராது. மானியம் இருந்தும், ஒரு மணி நேரம் பறப்பதற்கு ஆகிற செலவு ஒரு தறிக்காரர் குடும்பத்துக்கு எட்டாத செலவு. அதிகாரி வீட்டுப் பிள்ளைகள், எஸ்டேட்காரர்கள் பிள்ளைகள், நகைகளை விற்றுப் படிக்க அனுப்பப்பட்ட சில நடுத்தரப் பிள்ளைகள். பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். புஷ்பக் வருவதற்கு முன்பே, 1949இல், பெங்களூர் ஜக்கூர் அரசாங்கப் பள்ளியில் உஷா சுந்தரம் பயின்று வெளிவந்திருந்தார். 1951இல் அவரும் கணவர் சுந்தரமும் சென்னை சர்க்காருக்காக வாங்கிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். விசயையின் வாரிசு என்று ஒருவரைச் சொல்லவேண்டுமென்றால் அவரைச் சொல்லலாம். ஆனால் கிளப்பின் வாத்தியார் இருக்கையும் மாணவன் இருக்கையும் ஒரே உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன என்பதற்காக அங்கே ஊரின் மேடுபள்ளம் மறைந்துவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பின்னால் ஏர்லைன்ஸில் பெரிய விமானம் ஓட்டியவர்கள் எத்தனையோ பேர் முதலில் தரையை விட்டுக் கிளம்பியது புஷ்பக்கில். துணியைத் தைத்தவர்கள் கொட்டகையிலேயே இருந்தார்கள்.

அந்த அண்டைவாசத்தால் கற்பிக்கிற முறை மாறியது உண்மை. எச்.டி.2இல் வாத்தியார் மாணவனின் பிடரியைத்தான் பார்க்க முடியும். புஷ்பக்கில் முகம் தெரியும். பயம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பக்கத்திலிருந்து தெரியும். திண்ணைப் பள்ளியிலும் தறிக்குழியிலும் நம்மவர்கள் கற்றுக்கொண்டது பக்கத்தில் உட்கார்ந்துதான். வால்சக்கர விமானம் என்பதால் தரையில் ஓடும்போது மூக்கு மேலே தூக்கிக்கொண்டு முன்னால் வழி தெரியாது. இப்படியும் அப்படியும் நெளித்து நெளித்து ஓட்டவேண்டும். தூர வழி கற்றுக்கொள்ளும்போது கையில் படம், கீழே ரயில் பாதை, பாலாறு, ஏரிகள். கோடையில் ஏரிகள் வற்றிவிட்டால் படத்தில் நீலமாக இருப்பது கீழே காவியாக இருக்கும்.

பிறகு அலுமினியத் தோல் போர்த்திய செஸ்னாக்கள் வந்தன. நல்ல பருத்தித் துணி கிடைப்பது அரிதாயிற்று. உலகம் முழுதும் துணி விமானம் வைத்திருந்தவர்கள் பாலியெஸ்டருக்கு மாறினார்கள். அதைப் பிசினால் இழுக்கவேண்டாம். இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தால் சுருங்கிக்கொள்ளும். ஆரணித் தெருக்களில் விசைத்தறியின் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய அதை அடுத்த காலம். கிளப்புகள் ஒவ்வொன்றாக நலிந்தன. புஷ்பக்குகள் கொட்டகை மூலையில், உரித்த கூடாக, பாவு ஏற்றாத தறிபோல நின்றன.

1993 நவம்பரில் அதே பெங்களூரில், தேசிய விண்வெளி ஆய்வகத்தில், ‘ஹன்ஸா’ என்ற சின்ன விமானம் பறந்தது. இரண்டு இருக்கை, பக்கத்தில் பக்கத்தில், பயிற்சிக்கென்றே. அதன் புதிய வடிவம் 2021 செப்டம்பரில் பறந்தது. அதை நவீனப் பொருள் என்கிறார்கள், சரிதான். கண்ணாடியை இழையாக இழுத்து, தறியில் துணியாக நெய்து, அந்தத் துணியை அச்சில் அடுக்கடுக்காக விரித்து, பிசின் தோய்த்து இறுகவைத்தது. இந்தத் தொழிலில் இழை ஓடும் திசைக்குப் பாவு, ஊடை என்ற கணக்குத்தான் இன்றும். முறுக்கைத் தாங்கவேண்டிய இடத்தில் மட்டும் துணியை நாற்பத்தைந்து பாகை சாய்த்து விரிப்பார்கள். 1903இல் ரைட் சகோதரர்கள் மஸ்லினை வெட்டிப் போட்ட சாய்வு.